இசைத்தட்டு மேடை: வாசகர் கேள்வி – பதில்

இந்த முறை வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் டெக்னிக்ஸ் எஸ்.எல்-1200ஜி என்ற டர்ன்டேபிள் (இசைத்தட்டைச் சுழற்றும் மெஷின்) பற்றியவை. வாங்கியவர்களில் ஒரு கட்சி "இனி வேறு மெஷின் வேண்டாம்" என்கிறது. இன்னொரு கட்சி "இவ்வளவு பணத்துக்கு இதுதானா?" என்கிறது. இரண்டாம் கட்சியின் கடிதங்களை ஊன்றிப் படித்தால், குறை பெரும்பாலும் சுழலும் தட்டில் இல்லை. ஊசி மாட்டிய இடத்தில் இருக்கிறது. அதனால் பதில்களும் அந்தப் பக்கமே அதிகம் சாய்ந்திருக்கும்.

எஸ்.எல்-1200ஜிஆர் விலையைப்போல் இரண்டு மடங்குக்கு மேல் கொடுத்து 'ஜி' வாங்குவது தேவையா? இரண்டின் விவரத்தாளிலும் ஒரே எண்களைத்தான் போட்டிருக்கிறார்கள்.
– வாசகர், மதுரை

நீங்கள் பார்த்தது சரி. வாவ்-ஃப்ளட்டர் (வேகத்தின் ஏற்ற இறக்கம்) இரண்டுக்கும் 0.025 சதவீதம், ரம்பிள் அளவு (மோட்டாரின் உறுமல் இசைக்கு எவ்வளவு கீழே இருக்கிறது என்பது) இரண்டுக்கும் 78 டெசிபல். அந்த இரண்டு வரியோடு நிறுத்திக்கொண்டால் ஜி வாங்குவது வீண்தான்.

மற்ற வரிகளைப் பாருங்கள். ஜி-யின் சுழலும் தட்டு, மேலே போடும் விரிப்போடு சேர்த்து 3.6 கிலோ. மேலே பித்தளை, நடுவே அலுமினிய வார்ப்பு, அடியில் அதிர்வை விழுங்கும் ரப்பர். ஜிஆர் தட்டு 2.5 கிலோ, பித்தளை கிடையாது. ஜி-யின் மோட்டாரில் சுழலி இரட்டை, முறுக்குவிசை 3.3 கி.கி.-செ.மீ. ஜிஆர்-இல் ஒற்றைச் சுழலி, 2.2. டோன்ஆர்ம் (ஊசியைத் தாங்கும் கை) குழாய் ஜி-யில் மக்னீசியம், ஜிஆர்-இல் அலுமினியம். மொத்த எடை 18 கிலோவுக்கு எதிரே 11.5 கிலோ. இதெல்லாம் காதுக்கு என்னவாகிறது என்றால், ஒலி அதிகமாக வைக்கும்போது அடித்தள ஓசை (பேஸ்) கலங்குவதில்லை. விரிப்பை எடுத்துவிட்டு ஜி-யின் தட்டை விரல் முட்டியால் தட்டிப் பாருங்கள். மணியோசை நீளாது, 'டொக்' என்று நின்றுவிடும். அந்த அமைதிக்குத்தான் பாதிக் காசு.

ஆனாலும் ஒரு கணக்கு. 2016-இல் ஜி வந்தபோது அமெரிக்காவில் சுமார் 4,000 டாலர். மறு ஆண்டு ஜிஆர் சுமார் 1,700 டாலர். ஜி வாங்கியபின் கார்ட்ரிட்ஜுக்கும் (ஊசியின் அசைவை மின்சாரமாக்கும் பாகம்) போனோ ஸ்டேஜுக்கும் (அந்தச் சிறு மின்சாரத்தைப் பெருக்கும் கருவி) கையில் ஒன்றும் மிஞ்சாது என்றால் ஜிஆர் வாங்குங்கள். மிச்சப் பணம் ஊசிக்குப் போகட்டும். ஜி-யில் மட்ட ஊசியைவிட ஜிஆர்-இல் நல்ல ஊசி நன்றாகவே பாடும்.

"இது டிஜே மெஷின், பாட்டு கேட்க பெல்ட் டிரைவ்தான் லாயக்கு" என்கிறார் நண்பர். உண்மையா?
– வாசகர், சேலம்

1972-இல் வந்த முதல் எஸ்.எல்-1200 வீட்டில் பாட்டு கேட்பவர்களுக்காகச் செய்ததுதான். டிஜேக்கள் அதைத் தூக்கிக்கொண்டு போனார்கள், அவ்வளவே. 2010-இல் உற்பத்தி நின்று, 2016-இல் புதிய மோட்டாரோடு திரும்பி வந்தது.

நண்பர் சொல்வதில் ஒரு பழைய நியாயம் உண்டு. சாதாரண டைரக்ட் டிரைவ் (பெல்ட் இல்லாமல் மோட்டாரே தட்டைச் சுழற்றும் முறை) மோட்டாரில் காயில்கள் இரும்பு மையத்தைச் சுற்றி இருக்கும். காந்தம் ஒவ்வொரு இரும்புப் பல்லையும் கடக்கும்போது ஒரு சின்ன இழுப்பு, ஒரு சின்ன விடுப்பு. தட்டு நேராக அந்த மோட்டார் மேலேயே உட்கார்ந்திருப்பதால் அந்தத் தயக்கம் தட்டுக்கும் போகும். பெல்ட்டில் ரப்பர் அதை ஓரளவு வாங்கிக்கொள்ளும். ஜி-யின் மோட்டாரில் அந்த இரும்பு மையமே இல்லை. எனவே பல்லும் இல்லை, தயக்கமும் இல்லை.

சோதனை செய்ய விலை உயர்ந்த கருவி எதுவும் வேண்டாம். தம்புரா சுருதி தெளிவாகக் கேட்கும் ஒரு வீணைக் கச்சேரித் தட்டைப் போடுங்கள். வேகத்தில் சிறு அலை இருந்தாலும் சுருதி நெளியும். அதிலும் தட்டு ஒரு சுற்று சுற்ற ஆகும் 1.8 விநாடிக்கு ஒரு முறை ஒழுங்காக நெளிந்தால், மோட்டாரைத் திட்டாதீர்கள். இசைத்தட்டின் நடுத்துளை மையத்தில் இல்லை. அச்சடித்த இடத்துக் கோளாறு.

புது எஸ்.எல்-1200ஜி. ஆர்ட்டோஃபோன் 2எம் பிரான்ஸ் (Bronze) கார்ட்ரிட்ஜ். கடையிலேயே மாட்டிக் கொடுத்தார்கள். முதல் பாட்டு தேன். கடைசிப் பாட்டுக்கு வரும்போது 'ச', 'ஷ' வரும் இடமெல்லாம் சீறுகிறது, குரல் கிழிகிறது. மெஷினை மாற்றிக் கேட்கலாமா?
– வாசகர், கோயம்புத்தூர்

மாற்ற வேண்டாம். ஒரு ஸ்கேல், ஒரு மெல்லிய ஸ்குரூ டிரைவர், ஒரு மணி நேரம் போதும்.

முதலில் ஏன் கடைசிப் பாட்டு மட்டும்? தட்டு எப்போதும் நிமிடத்துக்கு 33⅓ சுற்றுதான். வெளி விளிம்பில் ஊசிக்கு அடியில் விநாடிக்கு சுமார் 510 மி.மீ. பள்ளம் ஓடுகிறது. லேபிளுக்குப் பக்கத்தில், மையத்திலிருந்து 60 மி.மீ. தூரத்தில், அதே ஒரு விநாடிக்கு 210 மி.மீ. தான். ஒரே ஓசையைப் பாதிக்கும் குறைவான நீளத்தில் நெருக்கி எழுதியிருக்கிறார்கள். அங்கே கார்ட்ரிட்ஜ் ஒரு இழை கோணலாக இருந்தாலும் ஊசி அந்த நெருக்கமான வளைவுகளுக்குள் போகாமல் மேலே தாண்டும். நம் ஊர்க் கச்சேரித் தட்டுகளில் இந்தக் குறை இரட்டிப்பாகத் தெரியும். தனி ஆவர்த்தனத்தின் உச்சம் பல தட்டுகளில் அந்த இடத்தில்தான் வரும்.

இப்போது வேலை. ஆர்மின் நுனியில் கார்ட்ரிட்ஜ் மாட்டியிருக்கும் ஹெட்ஷெல்லைக் கழற்றுங்கள். பின்முனையில் ரப்பர் வளையம் உட்காரும் இடத்திலிருந்து ஊசிமுனை வரை 52 மி.மீ. இருக்க வேண்டும். இதை அளக்க மெஷினோடு ஒரு பிளாஸ்டிக் அளவி கொடுத்திருப்பார்கள். கடைக்காரர்கள் பெட்டியிலிருந்து எடுப்பதே இல்லை. கார்ட்ரிட்ஜைத் துளையின் நடுவில் வைத்து முடுக்கிவிட்டால் 49, 50 என்றுதான் வரும். ஸ்குரூக்களை அரைச் சுற்று மட்டும் தளர்த்தி முன்னே நகர்த்துங்கள். பக்கவாட்டில் கார்ட்ரிட்ஜ் ஹெட்ஷெல் விளிம்புக்கு நேர் இணையாக இருக்கட்டும். இரண்டு ஸ்குரூவையும் மாற்றி மாற்றிச் சிறிது சிறிதாக முடுக்குங்கள். ஒன்றை முழுதாக இறுக்கிவிட்டு மற்றதுக்குப் போனால் கார்ட்ரிட்ஜ் திரும்பிவிடும். இந்த வேலை முழுக்க ஊசிக் காப்பு மூடியே இருக்கட்டும், அளக்கும்போது மட்டும் திறந்தால் போதும்.

இங்கே ஒரு சண்டை உண்டு. சிலர் 52-ஐ ஏற்காமல், பேர்வால்ட் என்பவரின் கணக்கில் வரைந்த அளவுக் காகிதத்தை அச்சிட்டு வைத்து அதன்படி மாட்டச் சொல்வார்கள். டெக்னிக்ஸ் அளவில் ஊசி பள்ளத்துக்கு மிகச் சரியாக நேராக நிற்கும் இடங்கள் மையத்திலிருந்து 58.8, 113.5 மி.மீ. பேர்வால்டில் 66.0, 120.9 மி.மீ. அதாவது டெக்னிக்ஸ் தட்டின் கடைசிப் பகுதியைக் காப்பாற்றுகிறது. பேர்வால்ட் முழுப் பக்கத்துக்கும் பிழையைப் பங்கு போடுகிறது. இந்த ஆர்மில் பேர்வால்டுக்குப் போக வேண்டுமென்றால் 52-ஐ ஏறக்குறைய 54.8 ஆக்க வேண்டும். அதோடு கார்ட்ரிட்ஜை ஹெட்ஷெல்லுக்குள் 1.7 டிகிரி உள்பக்கம் திருப்பவும் வேண்டும். முன்னே நகர்த்திவிட்டுத் திருப்பாமல் விடுகிறவர்கள்தான் இரண்டு கெட்டான் நிலையில் மாட்டிக்கொள்கிறார்கள். சில கார்ட்ரிட்ஜுக்குத் துளை அவ்வளவு தூரம் போகவும் போகாது. கடைசிப் பாட்டுத்தான் உங்கள் தலைவலி என்றால் 52-லேயே நில்லுங்கள்.

அடுத்து ஊசி அழுத்தம். ஆர்ம் உள்பக்கம் இழுபடுவதை எதிர்க்கும் ஆன்டி-ஸ்கேட்டைச் சுழியில் வையுங்கள். ஆர்மைத் தாங்கியிலிருந்து விடுவித்து, பின்எடையைத் திருப்பி, ஆர்ம் தராசு முள்போல மட்டமாக மிதக்கும்வரை சரிசெய்யுங்கள். ஆர்மைத் தாங்கியில் பூட்டிவிட்டு, எண் வளையத்தை மட்டும் திருப்பிச் சுழிக்குக் கொண்டு வாருங்கள். பிறகு எடையையும் வளையத்தையும் சேர்த்துத் திருப்பி 1.6-க்கு வாருங்கள். பிரான்ஸ் ஊசிக்கு அனுமதித்த எல்லை 1.4 முதல் 1.8 கிராம். "குறைத்து வைத்தால் தட்டு தேயாது" என்று 1.3-இல் வைப்பவர்கள் உண்டு. அது தலைகீழ்ப் புத்தி. பாரம் போதாத ஊசி பள்ளத்தின் சுவரை விட்டுத் துள்ளித் துள்ளி விழும். சுவரைச் சிதைப்பது அதுதான். ஐயம் இருந்தால் 1.7 வையுங்கள், 1.5 வேண்டாம்.

பின் ஆன்டி-ஸ்கேட்டையும் 1.6-க்கு அருகில் வைத்துக் காதைத் தீட்டிக் கேளுங்கள். சீறல் வலது பக்கம் மட்டும் அதிகம் என்றால் ஆன்டி-ஸ்கேட் போதவில்லை. இடது பக்கம் மட்டும் என்றால் கூடிவிட்டது. இரண்டிலும் சமம் என்றால் மறுபடி 52-ஐ அளந்து பாருங்கள்.

கடைசியாக ஆர்ம் உயரம். ஆர்மின் அடித்தளத்தைச் சுற்றியுள்ள வளையம் 0 முதல் 6 மி.மீ. வரை ஏற்றி இறக்கும். ஊசி தட்டில் இருக்கும்போது ஆர்ம் குழாய் தட்டுக்கு இணையாக இருக்க வேண்டும். 1 மி.மீ. உயர மாற்றத்துக்குக் கோணம் கால் டிகிரிதான் மாறும். அதனால் கால் மி.மீ.க்காக உயிரை விட வேண்டாம். ஆனால் பூட்டு நெம்பை விடுவித்துத் திருப்பிய பிறகு மறுபடி பூட்ட மறந்துவிடாதீர்கள். பூட்டாத ஆர்ம் அடித்தளத்தோடு ஆடும். அந்தத் தளர்ச்சியும் கிழிசலாகத்தான் கேட்கும்.

இவ்வளவும் செய்து பழைய தட்டு ஒன்று மட்டும் சீறுகிறது, புதுத் தட்டு சீறவில்லை என்றால், அந்தப் பள்ளத்தை முன்பே யாரோ கனத்த ஊசியால் உழுதுவிட்டார்கள். அதற்கு மருந்தில்லை.

டிஜிட்டல் ஊசித் தராசு 2.5 கிராம் காட்டுகிறது, ஆர்மின் எண் வளையமோ 1.9 காட்டுகிறது. எதை நம்புவது? கார்ட்ரிட்ஜ் டெனான் டிஎல்-103.
– வாசகர், யாழ்ப்பாணம்

இப்போதைக்கு வளையத்தை. மலிவான தராசுகளின் தட்டு இரும்பு. டிஎல்-103 போன்ற மூவிங் காயில் கார்ட்ரிட்ஜின் காந்தம் அதைத் தேடி இறங்கும். தராசு அந்த இழுப்பையும் எடையென்று எழுதிவிடும். காந்தம் ஒட்டாத தட்டுள்ள தராசு வாங்குங்கள். அளக்கும் இடம் இசைத்தட்டின் மேற்பரப்பு உயரத்திலேயே இருக்கட்டும். தராசை விரிப்பின் மேல் அப்படியே வைத்தால் ஆர்ம் தூக்கிக்கொண்டு நிற்கும், எண்ணும் பிசகும். டிஎல்-103-க்கு 2.5 கிராம் வேண்டும். இப்போது அது 1.9-இல்தான் ஓடுகிறது. உடனே திருத்துங்கள்.

டிஎல்-103-க்குக் கனமான ஆர்ம் வேண்டும், 1200ஜி-க்குப் பொருந்தாது என்கிறார்கள். அதோடு என் ஆம்ப்ளிஃபயரின் போனோ இணைப்பில் ஒலி மிகக் குறைவு.
– வாசகர், தஞ்சாவூர்

இரண்டு தனித்தனிச் சிக்கல்கள்.

பொருத்தத்துக்குக் கணக்கு இருக்கிறது. ஆர்மின் பயனுறு எடை (ஊசி அசைக்க வேண்டிய எடை), கார்ட்ரிட்ஜ் எடை, ஸ்குரூ எடை மூன்றையும் கிராமில் கூட்டுங்கள். அதைக் கார்ட்ரிட்ஜின் நெகிழ்ச்சி எண்ணால் (ஊசி எவ்வளவு எளிதில் வளைந்து கொடுக்கும் என்பதன் அளவு) பெருக்கி வர்க்கமூலம் எடுங்கள். 159-ஐ அதனால் வகுத்தால் கிடைப்பது ஆர்மும் ஊசியும் சேர்ந்து ஊஞ்சலாடும் அதிர்வெண். 8 முதல் 12 ஹெர்ட்ஸுக்குள் இருந்தால் நலம். அதற்குக் கீழே நெளிந்த தட்டின் ஆட்டம் இருக்கிறது, மேலே இசையின் அடித்தள ஓசை இருக்கிறது. நடுவில் உள்ள காலி இடம் அது.

இந்த ஆர்ம் சுமார் 12 கிராம். டிஎல்-103 8.5 கிராம், ஸ்குரூ 1 கிராம், மொத்தம் 21.5. அதன் நெகிழ்ச்சியை 5 என்று போட்டிருப்பார்கள். அது 100 ஹெர்ட்ஸில் அளந்தது. ஜப்பானிய வழக்கம் அப்படி. 10 ஹெர்ட்ஸுக்கு ஏறக்குறைய இரண்டு மடங்காகக் கொள்ளலாம்: 10. விடை 10.8 ஹெர்ட்ஸ். தாராளமாகப் பொருந்துகிறது. 5 என்பதை அப்படியே போட்டுக் கணக்கிட்டவர்களுக்கு 15 ஹெர்ட்ஸ் வந்திருக்கும்; வதந்தி பிறந்தது அங்கேதான் என்று நினைக்கிறேன்.

வேடிக்கை என்னவென்றால், யாரும் சந்தேகப்படாத 2எம் பிரான்ஸுக்குத்தான் கணக்கு இடிக்கிறது. 7.2 கிராம், நெகிழ்ச்சி 22, விடை 7.5 ஹெர்ட்ஸ். நேரான தட்டில் குறை தெரியாது. வெயிலில் நெளிந்த தட்டில் வூஃபர் (ஸ்பீக்கரின் பெரிய கூம்பு) உள்ளே வெளியே மூச்சு விடும். அந்தக் கார்ட்ரிட்ஜுக்குக் கனமான அலங்கார ஹெட்ஷெல் வாங்கி மாட்டாதீர்கள்.

ஒலி குறைவுக்கு வருவோம். டிஎல்-103 தருவது 0.3 மில்லிவோல்ட். மூவிங் மேக்னட் வகைக் கார்ட்ரிட்ஜுக்கான போனோ இணைப்பு 40 டெசிபல், அதாவது 100 மடங்கு பெருக்கும். கிடைப்பது 30 மில்லிவோல்ட். ஆம்ப்ளிஃபயருக்கு இது யானைப் பசிக்குச் சோளப்பொரி. 60 டெசிபல் தரும் எம்.சி. (மூவிங் காயில்) இணைப்பு வேண்டும், அப்போது 300 மில்லிவோல்ட் வரும். சுமை மின்தடையைத் தேர்ந்தெடுக்கும் வசதி இருந்தால் 100 ஓமில் வையுங்கள்.

ஜப்பானிலிருந்து ஒருவர் கொண்டுவந்த எஸ்.எல்-1200ஜி பாதி விலைக்குக் கிடைக்கிறது. வாங்கலாமா?
– வாசகர், சென்னை

பின்பக்கம் ஒட்டியுள்ள தகட்டைப் படித்துவிட்டுப் பேசுங்கள். ஜப்பானியப் பதிப்பு 100 வோல்ட். நம் 230 வோல்ட்டில் நேராகச் செருகினால் உள்ளே இருக்கும் மின்வழங்கி அப்போதே போய்விடும். 230-ஐ 100 ஆக இறக்கும் டிரான்ஸ்ஃபார்மர் வேண்டும். மெஷின் இழுப்பது சுமார் 14 வாட்தான் என்பதால் 50 வி.ஏ. அளவே தாராளம். இரும்பு மையமும் செம்புச் சுற்றும் உள்ள, கையில் கனக்கும் டிரான்ஸ்ஃபார்மராக இருக்கட்டும்; பயணிகளுக்கென்று விற்கும் உள்ளங்கை அளவு இலகு கன்வெர்ட்டர் ஆகாது. அதை ஆர்மிலிருந்தும் போனோ ஸ்டேஜிலிருந்தும் ஒரு மீட்டராவது தள்ளி வையுங்கள். 50, 60 ஹெர்ட்ஸ் வேறுபாடு இந்த மெஷினை ஒன்றும் செய்யாது, வேகத்தைக் குவார்ட்ஸ் பார்த்துக்கொள்கிறது.

வாங்குமுன் விரிப்பை எடுத்துத் தட்டைப் பிடித்திருக்கும் மூன்று ஸ்குரூவும் இருக்கின்றனவா என்று பாருங்கள். ஆர்மை மிதக்கவிட்டு மெல்ல ஊதுங்கள். எங்கேயும் சிக்காமல் நகர வேண்டும்.

'ம்ம்ம்' என்று ஒரே இரைச்சல். பாட்டு நின்றாலும் நிற்பதில்லை.
– வாசகர், திருநெல்வேலி

டோன்ஆர்மை விரலால் தொடுங்கள். தொட்டதும் இரைச்சல் குறைந்தால் எர்த் கம்பி இணையவில்லை. 1200ஜி-யின் அடியில் ஆர்.சி.ஏ. இணைப்புக்குப் பக்கத்தில் தனி எர்த் திருகு இருக்கிறது. அதிலிருந்து போனோ ஸ்டேஜின் எர்த் திருகுக்கு ஒரு கம்பி போக வேண்டும். சுவர் பிளக்கின் எர்த்துக்கு அல்ல.

தொட்டாலும் மாறவில்லை, ஆனால் ஆர்மைத் தட்டின் குறுக்கே நகர்த்தும்போது கூடிக் குறைகிறது என்றால் பக்கத்தில் ஏதோ ஒரு டிரான்ஸ்ஃபார்மர். ஆம்ப்ளிஃபயரை அடித்தட்டுக்கு மாற்றுங்கள்.

ஒரு பக்க ஸ்பீக்கரில் மட்டும் என்றால் ஹெட்ஷெல்லின் நான்கு சிறு கம்பிகளில் ஒன்று தளர்ந்திருக்கும். வெள்ளை இடது நேர், நீலம் இடது எதிர், சிவப்பு வலது நேர், பச்சை வலது எதிர். சிவப்பையும் பச்சையையும் மாற்றிச் செருகினால் இரைச்சல் வராது. ஆனால் அடித்தள ஓசை காணாமல் போகும், பாடகர் நடுவில் நிற்காமல் அறை முழுக்கப் பரவிக் கேட்பார். "ஜி-யில் பேஸ் இல்லை" என்று எழுதியவர்கள் இதையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

'ம்ம்ம்' என்று இல்லாமல் 'ஸ்ர்ர்ர்' என்று கூராக இருக்கிறதா? சீலிங் ஃபேனை அணைத்துப் பாருங்கள். எலக்ட்ரானிக் ரெகுலேட்டர் மின்சாரத்தை நறுக்கி நறுக்கி அனுப்புவதால் வரும் சத்தம் அது. முழு வேகத்தில் வைத்தால் பெரும்பாலும் அடங்கிவிடும். ஃபேன் சுழலும் அறையில் தூசி மூடியைத் திறந்து வைத்துக் கேட்பதும் ஊசிக்கு நல்லதல்ல. கேட்கும்போது மூடியை முழுதாகக் கழற்றிவிடுவதைவிட மூடி வைப்பது நம் ஊருக்குத் தகும்.

ஸ்பீக்கர், டர்ன்டேபிள் எல்லாம் ஒரே தேக்கு ஷோகேஸில். சரியா?
– வாசகர், காரைக்குடி

மோட்டாரை நிறுத்தி, ஒரு தட்டின் மேல் ஊசியை இறக்கி, வழக்கமாகக் கேட்கும் அளவுக்கு ஒலியை ஏற்றுங்கள். ஷோகேஸை விரலால் தட்டுங்கள். ஸ்பீக்கரில் 'தும்' என்று பெரிதாகக் கேட்டால் சரியில்லை. ஊளையிட ஆரம்பித்தால் உடனே ஒலியைக் குறையுங்கள். ஸ்பீக்கரைத் தரையில் தனி ஸ்டாண்டுக்கு மாற்றுவதே வழி. காங்கிரீட் தரை உள்ள வீட்டில் அதுவே போதும்.

லின் எல்.பி.12 வைத்திருப்பவர்கள் அதைத் தவிர எதையும் மதிப்பதில்லை. 1200ஜி-யை விட்டுவிட்டு அதற்கே போகலாமா?
– வாசகர், பெங்களூரு

ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ பகுதியில் 1973 முதல் செய்யப்படும் மெஷின் அது. உரிமையாளர்கள் சொல்லும் பெரிய மேன்மை உண்மை: பழைய எல்.பி.12-இல் இன்றைய பாகங்களைப் பொருத்தலாம். 2020-இல் வந்த கரவ்செல் பேரிங்கைக்கூடப் பழைய மெஷினில் போடலாம். ஓசையில் ஒரு மிதப்பு இருக்கும். குரலும் வயலினும் அதில் இழைந்து வரும். அதை விரும்புகிறவர்களுக்கு 1200ஜி இறுக்கமாகத் தோன்றும். இது குணவேறுபாடு, தரவேறுபாடு அல்ல.

ஆனால் அது வாங்கி வைத்துவிட்டுப் போகிற மெஷின் அல்ல. உள்தளம் மூன்று சுருள்வில்களில் தொங்குகிறது. தட்டின் மேல் விரலால் லேசாக அழுத்தி விட்டால், அது பிஸ்டன் மாதிரி நேர் மேலும் கீழுமாக ஆட வேண்டும். பக்கவாட்டில் சுழன்றால் வில் சரியில்லை. ஆர்ம் கம்பியின் வளைவு மாறினாலே இந்த ஆட்டம் கெடும். கார்ட்ரிட்ஜ் எடை மாறினால் மறுபடி பார்க்க வேண்டும். இதற்குத் தாங்கு சட்டத்தில் ஏற்றி அடியிலிருந்து திருத்தும் பழக்கப்பட்ட கை தேவை. உங்கள் ஊரில் அப்படி ஒருவர் இருந்தால் யோசியுங்கள், இல்லையென்றால் வேண்டாம். எண்ணெய்க் கிணறுள்ள பழைய பேரிங் என்றால் வீடு மாற்றும்போது கவிழ்க்கவும் கூடாது. மின்சாரத்தின் அதிர்வெண்ணையே நம்பி ஓடும் பழைய மோட்டாரை 60 ஹெர்ட்ஸ் நாட்டிலிருந்து கொண்டுவந்தால், புல்லியை மாற்றாதவரை 33⅓ என்பது இங்கே 27.8 ஆகிவிடும். பாகவதர் தூக்கத்தில் பாடுவார். நிமிடத்துக்கு 78 சுற்று வேகமும் அதில் கிடையாது. தாத்தா காலத்துத் தட்டுகள் வீட்டில் இருந்தால் அதையும் கணக்கில் சேருங்கள்.

அந்த 78-ஐ 1200ஜி-யில் எப்படிப் போடுவது? பொத்தானே இல்லையே.
– வாசகர், கும்பகோணம்

33, 45 இரண்டு பொத்தான்களையும் ஒருசேர அழுத்துங்கள்.

ஆனால் எல்.பி. ஊசியோடு இறக்காதீர்கள். எல்.பி.க்கான உருண்டை ஊசிமுனை ஆரம் ஏறக்குறைய 18 மைக்ரான். 78-இன் பள்ளத்துக்கு 65 மைக்ரான் அளவில் வேண்டும். சிறிய ஊசி பள்ளத்தின் அடியில் அழுக்கில் உருண்டுகொண்டு போகும். பாட்டை விட மணல் சத்தம்தான் அதிகம் கேட்கும். ஆர்ட்டோஃபோன் 2எம் 78-ஐ இரண்டாவது ஹெட்ஷெல்லில் மாட்டி வைத்துக்கொண்டால் மாற்ற அரை நிமிடம். அழுத்தம் 1.8 கிராம். இன்றைய போனோ ஸ்டேஜ் ஆர்.ஐ.ஏ.ஏ. வளைவுக்கானது (எல்.பி.யில் கீச்சு, அடித்தள ஓசைகளைக் கூட்டிக் குறைத்துப் பதியும் பொது அளவு), பழைய தட்டுகளை அதற்கு முந்தைய வெவ்வேறு வளைவுகளில் பதிந்திருப்பதால் கீச்சு ஓசை மங்கிக் கேட்கலாம். டிரெபிள் குமிழை ஏற்றிக்கொள்வதில் பாவமில்லை.

ஒரு எச்சரிக்கை: 78 அரக்கில் செய்தது. ஆல்கஹால் கலந்த எந்தத் திரவமும் அதைக் கரைக்கும். காய்ச்சி வடித்த நீரில் இரண்டு சொட்டுப் பாத்திரம் கழுவும் திரவம், மென்மையான பிரஷ், அவ்வளவுதான். லேபிள் நனையக் கூடாது.

வயலின் கற்கிறேன். பழைய கச்சேரித் தட்டோடு சேர்ந்து வாசித்துப் பழக வேண்டும், சுருதி சேரவில்லை. பிட்ச் நெம்பை எவ்வளவு நகர்த்தலாம்?
– வாசகி, திருச்சி

இந்தக் கேள்விக்காகவே இந்த மெஷினை வாங்கலாம். அரைக்கட்டை ஏற்ற +5.9 சதவீதம், அரைக்கட்டை இறக்க −5.6 சதவீதம். நெம்பின் சாதாரண எல்லை 8, பொத்தானை அழுத்தினால் 16. +16-இல் இரண்டரை அரைக்கட்டை ஏறும்; −16-இல் மூன்று அரைக்கட்டை இறங்கும். காலப்பிரமாணமும் அதே விகிதத்தில் மாறும் என்பதை மறக்க வேண்டாம். துரிதமான பிர்காக்களைப் பழக இறக்கி வைப்பது உங்களுக்கு அனுகூலம்தான். முடித்தபின் ரீசெட் பொத்தானை அழுத்திவிடுங்கள். நெம்பு எங்கே இருந்தாலும் வேகம் சரியான இடத்துக்கு வந்துவிடும். ஒரு பாடகரின் குரல் "இந்த மெஷினில் மெலிந்துவிட்டது" என்று குறைப்படுகிறவர்கள் முதலில் அந்த நெம்பைப் பார்க்க வேண்டும்.

கடலோர வீடு. தட்டுகளில் வெள்ளைப் புள்ளிகள். ஊசி நுனியில் பஞ்சு மாதிரி சேர்கிறது.
– வாசகர், நாகப்பட்டினம்

பூஞ்சை. எல்.பி., இ.பி. இரண்டும் வினைல் என்பதால் இவற்றுக்கு ஆல்கஹால் ஆகும். 800 மி.லி. காய்ச்சி வடித்த நீர், 200 மி.லி. ஐசோபுரோப்பைல் ஆல்கஹால், நான்கைந்து சொட்டு வாசனையற்ற பாத்திரத் திரவம். பள்ளம் ஓடும் திசையிலேயே பிரஷால் தேய்த்து ஒரு நிமிடம் ஊறவிட்டு, வெறும் காய்ச்சி வடித்த நீரால் அலசுங்கள். அலசலைத் தவிர்த்தால் சோப்புப் படலம் பள்ளத்தில் காய்ந்து, முன்பைவிட அதிகமாகப் பொரியும். குழாய் நீர் வேண்டாம். உப்பு அங்கேயே தங்கிவிடும். நிமிர்த்தி வைத்துக் காயவிடுங்கள்.

கழுவிய தட்டைப் பழைய காகித உறையிலேயே திரும்பப் போட்டால் செய்ததெல்லாம் வீண். பூஞ்சை விதை அந்தக் காகிதத்தில்தான் இருக்கிறது. உள்ளுறையைப் பாலித்தீனுக்கு மாற்றுங்கள். வெளியே கனத்த பி.வி.சி. உறை போடுகிறவர்கள் அதைக் கழற்றிவிடலாம். நம் வெப்பத்தில் பி.வி.சி. கசிந்து வினைலில் மங்கல் படிய வைக்கும்.

ஊசிக்கு: பின்னிருந்து முன்னாக மட்டும் பிரஷ். பக்கவாட்டில் ஒருபோதும் வேண்டாம்.

வீடு மாற்றுகிறோம். அட்டைப்பெட்டி பத்திரமாக இருக்கிறது. அப்படியே உள்ளே வைத்து அனுப்பலாமா?
– வாசகர், ஓசூர்

தட்டோடு அனுப்பாதீர்கள். 3.6 கிலோ தட்டு லாரியில் குதிக்கும் ஒவ்வொரு முறையும் அடியில் உள்ள பேரிங்தான் அடி வாங்கும். முதலில் ஊசிக் காப்பை மூடி ஹெட்ஷெல்லைக் கழற்றித் தனியே வையுங்கள். பின் பின்எடை. பின் விரிப்பு, மூன்று ஸ்குரூ, தட்டு. இரண்டு கையாலும் நேராக மேலே தூக்குங்கள், சாய்த்தால் மையக் கம்பு உரசும். ஆர்மைத் தாங்கியில் பூட்டியபின் அதற்கு மேல் ஒரு நூல் கட்டு. ஸ்குரூக்களைத் தெர்மகோலின் இடுக்கில் செருகாமல், விளக்கப் புத்தகத்தோடு ஒரு உறையில் போட்டு உங்கள் கைப்பையில் எடுத்துப் போங்கள்.